உப்பைக் கையில் வாங்காதவள்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஹீட்டருக்கு இந்தப் பக்கம் இடம் இருக்கு, கம்பளியை இழுத்து விட்டுக்கிட்டு உட்காருங்க. இன்னைக்கு ஒரு கொலைக் கதையைப் பத்தின கதை சொல்லப் போறேன். பயப்படாதீங்க, கொலையெல்லாம் இங்கிலாந்திலேயே நடந்து முடிஞ்சிடும். நம்ம ஆக்லாந்துக்கு வந்து சேர்றது வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

ஊரின் இந்தக் கோடியில், பிளாட் புஷ்ஷில் அபர்ணா என்று ஒருத்தி. ஈஸ்ட் டாமாக்கியில் மளிகைச் சரக்கு இறக்குமதி செய்கிற ஒரு கிடங்கு ஆபீசில் வேலை பார்க்கிறாள். புருஷன் பெயர் கதிர். கதிரின் தம்பி ரவிசங்கர், தம்பி மனைவி மஹதி. அவர்கள் வீடு ஊரின் அந்தக் கோடியில், ஹென்டர்சனில். அபர்ணாவும் மஹதியும் ஓரகத்திகள். அந்த வார்த்தையைக் கேட்டாலே சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இவர்கள் அப்படி இல்லை. மஹதியின் பிரசவத்துக்கு அம்மாவுக்கு விசா கிடைக்காமல் போனபோது, ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அபர்ணாதான். பூண்டுக் குழம்பை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார்வே நெரிசலில் உட்கார்ந்து, குழம்பு ஆறுவதற்குள் கொண்டு போய்ச் சேர்த்தவளும் அவள்தான்.

அந்தக் குடும்பத்தில் படிக்கிறவள் என்றால் அபர்ணா. அதுவும் துப்பறியும் நாவல். சனிக்கிழமை சனிக்கிழமை நூலகத்தில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறாள். பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவாள். வட்டத்துக்கு வருகிற யாழ்ப்பாணத்துக் கிருசாந்தி, "அக்கா, நீங்கள் பொலிசுக்குப் போயிருக்க வேணும்" என்று சொல்லாத வாரம் கிடையாது. தானே ஒரு நாவல் எழுதப் போவதாக அபர்ணா வெகு காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் அத்தியாயத்தை எத்தனையோ தடவை தொடங்கியும் இருந்தாள்.

மஹதி நர்ஸ். ஆக்லாந்துக்கு வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு கடலோர ஊர் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்தவள். அவள் புத்தகமும் கையுமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அபர்ணா வீட்டுச் சமையலறையில் நின்று பட்டாணி உரித்தபடியே சொன்னாள்:

"அக்கா, நான் ஒரு நாவல் எழுதினேன். இங்கிலீஷ்ல. துப்பறியும் நாவல். லண்டன்ல ஒரு பதிப்பகத்துக்காரங்க போடுறாங்களாம்."

மிக்ஸி ரிப்பேர் ஆகிவிட்டது என்று சொல்கிற அதே குரல்.

"அடியே! சொல்லவே இல்லையே!" என்று அபர்ணா அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கை பொய் சொல்லவில்லை. ஆனால் மஹதியின் தோளுக்குப் பின்னால், அவள் பார்க்க முடியாத இடத்தில் இருந்த முகம் இருக்கிறதே, அதில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

புத்தகம் வந்தது. 'பாதிரியாரின் படகு' என்று பெயர். இங்கிலாந்துக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பாதிரியார் தன் படகிலேயே செத்துக் கிடக்கிறார். போலீஸ் விபத்து என்கிறது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹெட்டி கிராம்ப்டன் என்கிற அம்மாள் மட்டும் கொலை என்கிறாள். முதல் பக்கத்தில் மஹதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்: 'அக்காவுக்கு. நீங்க இல்லாட்டி இது இல்ல.'

மரியாதைக்கு எழுதியிருக்கிறாள் என்றுதான் அபர்ணா நினைத்தாள். படிக்கப் படிக்கத்தான் விஷயம் புரிந்தது. இந்த ஹெட்டி, சூப்பர் மார்க்கெட்டில் அடுத்தவர் வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து அந்த வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிவிடுகிறாள். யாராவது பொய் சொன்னால் "ம்ம்" என்று இழுக்கிறாள். உப்பைக் கையில் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள். "மேஜை மேல வை. எனக்கு உன்னோட சண்டை வேண்டாம்" என்கிறாள்.

தோல் வெள்ளை, கையில் குடை. மற்றபடி அது அபர்ணா.

"பாருங்க, என்னையே எடுத்து எழுதியிருக்கா" என்றாள் கதிரிடம்.

"நல்லதுதானே. சந்தோஷப்படேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டு கதிர் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கப் போய்விட்டார்.

அப்புறம் விமர்சனங்கள் வரத் தொடங்கின. லண்டனில் ஞாயிற்றுக்கிழமை விடிகிறபோது நமக்கு இங்கே ஞாயிறு சாயங்காலம். அபர்ணா சப்பாத்திக்கு மாவு பிசைகிற நேரத்துக்குச் சரியாகக் குடும்ப வாட்ஸ்அப்பில் ரவிசங்கர் ஒன்றை அனுப்புவான். ஒரு பத்திரிகை, 'ஹெட்டி கிராம்ப்டன் நம் பக்கத்து வீட்டில் இருந்தால் பயமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏக்கமாக இருக்கும்' என்று எழுதியது. இன்னொன்று, 'கொலைகாரன் யாரென்று சீக்கிரமே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் ஹெட்டியை விட்டு எழுந்து போக மனம் வரவில்லை' என்றது. ஸ்காட்லாந்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் உப்பையே பிடித்துக்கொண்டார். 'உப்பைக் கையில் வாங்காத அந்த விசித்திரம் இருக்கிறதே, என்ன ஒரு கற்பனை!' என்று ஒரு பத்தி.

கற்பனையாம்! அபர்ணா மாவை ஓங்கி அறைந்தாள். அது அவள் அம்மாவின் பழக்கம், அம்மாவுக்கு அவள் அம்மாவின் பழக்கம். ஊரே பாராட்டுகிறது, பாராட்டு முழுக்க அவளுக்கு, பெயர் மட்டும் மஹதிக்கு. அடுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தன்னைப் பார்த்தே பொறாமைப்படுகிற கொடுமை அபர்ணாவுக்குத்தான் வாய்த்தது.

ஒரு மோசமான விமர்சனமாவது வராதா என்று அவள் தேடினாள். மாவுக் கையோடு போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேடினாள். வரவில்லை.

ஒரு சனிக்கிழமை வாசகர் வட்டத்துக்கு மஹதி வந்தாள். கிருசாந்திதான் அழைத்திருந்தாள். "இந்த மாசம் எங்கட மஹதியின்ர புத்தகத்தைத்தான் வாசிப்பம், என்ன அக்கா?" என்று கேட்டபோது அபர்ணா மாட்டேன் என்றா சொல்ல முடியும்? நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். ஜன்னல் பக்கம் இருக்கிற கைப்பிடி வைத்த நாற்காலியில்தான் அபர்ணா எப்போதும் உட்காருவாள். அன்றைக்கும் உட்கார்ந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி இருக்கிறீங்களோ? எழுத்தாளர் அதில இருக்கட்டும். போட்டோ எடுக்க வெளிச்சம் நல்லாயிருக்கும்" என்றாள் கிருசாந்தி.

"ஐயோ வேண்டாம், அது அக்கா சீட்டு" என்று மஹதி பதறினாள்.

"பரவாயில்ல கண்ணு, உட்காரு" என்று அபர்ணா எழுந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டே போட்டோவும் எடுத்துக்கொண்டாள். அந்தப் போட்டோவைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கண்ணுங்களா, அந்த நாற்காலி அவளுக்கு நாற்காலி இல்லை. 'படிச்சவ' என்று ஊர் கொடுத்த ஒரே மரியாதை அது.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு வாசலில் காருக்குள் உட்கார்ந்து, எலுமிச்சைச் சாதத்தை மூடி வைத்துவிட்டு, வாசகர்கள் நட்சத்திரம் போடுகிற ஒரு இணையதளத்தில் அபர்ணா இப்படி எழுதினாள்:

'எல்லாரும் புகழ்கிறார்கள். நான் புகழ மாட்டேன். சமையல்காரன் கைநிறைய அள்ளிக் கொடுக்கிற காய்ந்த மிளகாயை ஹெட்டி கையில் வாங்கிக்கொள்கிறாள். அந்தக் கையால் கண்ணைக் கசக்கிக்கொள்கிறாள். அதிலிருந்துதான் விஷத்தைக் கண்டுபிடிக்கிறாள். இது நடக்கவே நடக்காது. உப்பைக் கையில் வாங்காதவள் மிளகாயை மட்டும் எப்படி வாங்குவாள்? இவளை எழுதியவருக்கு இவளை முழுசாகத் தெரியாது. எங்கேயோ பார்த்ததைப் பாதி எடுத்து எழுதியிருக்கிறார்.'

இரண்டு நட்சத்திரம். கீழே 'ஒரு வாசகி, மான்செஸ்டர்' என்று போட்டாள். மான்செஸ்டர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அனுப்பிவிட்டு எலுமிச்சைச் சாதத்தைத் திறந்து சாப்பிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு சோறு ருசித்தது.

அதோடு போயிருந்தால் கதையே இல்லை. லண்டன் வானொலியில் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிற ஒருவர் அதைப் படித்துவிட்டார். 'பத்திரிகைக்காரர்கள் நாங்கள் எல்லாரும் கோட்டை விட்டதை மான்செஸ்டர் வாசகி ஒருத்தி பிடித்துவிட்டாள். கதையின் முடிச்சே அந்த மிளகாயில்தான் இருக்கிறது. அது அவிழ்ந்தால் நாவலே அவிழ்ந்துவிடுகிறது' என்று பேசினார். அதற்குப் பிறகு வந்த விமர்சனங்களில் எல்லாம் மிளகாய் நெடி. முதலில் புகழ்ந்தவர்கள்கூட 'அந்த ஒரு இடம் தவிர' என்று சேர்த்துக்கொண்டார்கள்.

மஹதி போன் செய்தாள். அபர்ணா எடுத்தபோது மறுமுனையில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான் முதலில் வந்தது.

"அக்கா, எனக்கு அவளை முழுசாத் தெரியாதுன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க."

"யாரோ என்னமோ எழுதிட்டுப் போறாங்க, விடு."

"இல்லக்கா. அவங்க சொல்றது சரி. அதான் தாங்கல. ரெண்டாவது புத்தகம் கேட்டிருக்காங்க, உக்காந்தா ஒரு வரி வர மாட்டேங்குது. ஹெட்டி என்கிட்ட பேசவே மாட்டேங்குறா."

போனை வைத்த பிறகு அபர்ணா சமையலறையில் அப்படியே நின்றாள். இதைத்தானே கேட்டாள்? கிடைத்துவிட்டது. ஆனால் பிரசவ அறையில் கேட்ட அதே அழுகைச் சத்தம் காதிலேயே நின்றது. எழுதியதை அழித்துவிடலாம்தான். வானொலியில் சொன்னதை எப்படி அழிப்பது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. எழுதியது நான்தான் என்று மஹதிக்குத் தெரிந்தால்? ஹென்டர்சன் வீட்டு வாசலை அப்புறம் எந்த முகத்தோடு மிதிப்பது?

ஈரோட்டிலிருந்து மாமியார் பாக்யலட்சுமி அம்மாளின் உத்தரவு வந்தது அப்போதுதான். எழுத வராமல் சின்ன மருமகள் அழுகிறாள் என்ற சேதி மகன் வழியாக அவருக்கு எட்டியிருந்தது.

"இது கண்ணுதான், வேற ஒண்ணும் இல்ல. பேப்பர் பேப்பரா பேரு வந்தா கண்ணு படாதா? ஞாயித்துக்கிழமை அந்தியில எல்லாரும் ஹென்டர்சன்ல கூடுங்க. மூத்தவ கையால உப்பு மிளகாய் சுத்திப் போடட்டும். நான் வீடியோல பாக்குறேன்" என்று சொல்லிவிட்டார்.

மூத்தவ கையால. கேட்டீங்களா நியாயத்தை? கண் போட்டவளே கண்ணேறு கழிக்க வேண்டும்.

ஞாயிறு அந்தி. குளிர்காலம், மழை அப்போதுதான் விட்டிருந்தது. வீட்டுக்குள் மிளகாயைக் கருக்கினால் புகை அலாரம் அலறும் என்று ரவிசங்கர் பின்பக்க டெக்கில் பார்பிக்யூ அடுப்பில் கரி போட்டுப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். கதிர் விசிறிக் கொடுத்தார். சமையலறையில் ஓரகத்திகள் இரண்டு பேர் மட்டும்.

மஹதி டப்பாக்களைத் திறந்து கல்லுப்பை இடது கையிலும் காய்ந்த மிளகாயை வலது கையிலும் அள்ளினாள். வலது கையை நீட்டினாள்.

"இந்தாங்கக்கா."

அபர்ணா யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் தப்பித்திருப்பாள். பிறந்ததிலிருந்து பழகிய வாய் தானாகச் சொன்னது:

"கீழ வை கண்ணு."

மஹதி வைக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"ஏன்க்கா? இது உப்பு இல்லையே, மிளகாய்தானே?"

அபர்ணா அந்த மிளகாயையே பார்த்தாள்.

"புத்தகத்துல உப்புக்கு மட்டும்தான் காரணம் எழுதியிருந்தேன்" என்றாள் மஹதி மெதுவாக. "மிளகாயும் அப்படித்தான்னு எனக்கே தெரியாது. எங்க வீட்டுல அதெல்லாம் பாக்க மாட்டாங்க. மான்செஸ்டர்ல இருக்குற வெள்ளைக்காரம்மாவுக்கு அது எப்படித் தெரியும்னு ஒரு வாரமா யோசிச்சேன். ஹெட்டியா இருந்தா என்ன பண்ணுவான்னு யோசிச்சேன். இதைத்தான் பண்ணுவா."

"மஹதி..."

"மான்செஸ்டர்ல யாரோ எழுதியிருந்தா எனக்கு வலிச்சிருக்காதுக்கா. நேர்ல சொல்லியிருக்கலாமே."

"நேர்ல சொன்னா பொறாமைன்னு நெனப்பே."

"பொறாமை இல்லையா?"

அபர்ணா அலமாரிக் கைப்பிடியைப் பார்த்தாள். சிங்க்கைப் பார்த்தாள். கடைசியில் மஹதியைப் பார்த்தாள்.

"பொறாமைதான்" என்றாள். "எரியுது. உன் பேரைப் பேப்பர்ல பாக்குறப்ப எல்லாம் எரியுது. எழுதுறேன் எழுதுறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவ நான். சத்தமில்லாம எழுதினவ நீ. அதுலயும் என்னையே எழுதுன. கேக்காம எடுத்துக்கிட்ட."

"ஆமா. கேக்கல" என்றாள் மஹதி. அவள் குரலும் உடைந்துதான் இருந்தது. "கேட்டா குடுக்க மாட்டீங்கன்னு தெரியும்."

வெளியிலிருந்து ரவிசங்கர் கத்தினான். "கரி பிடிச்சிடுச்சு! அம்மா லைன்ல இருக்காங்க! வாங்க!"

மஹதி ஒரு தட்டை எடுத்து உப்பையும் மிளகாயையும் அதில் கொட்டி, மேஜை மேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. அபர்ணா மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

டெக்கில் மஹதியைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தார்கள். பூந்தொட்டி மேல் சாய்த்து வைத்த போனில் ஈரோட்டு மாமியாரின் நெற்றியும் மூக்குக் கண்ணாடியும் தெரிந்தன. அபர்ணா கையை மூடிக்கொண்டு சுற்றத் தொடங்கினாள்.

"ஊர்க் கண்ணு, தெருக் கண்ணு, வந்தவங்க கண்ணு, போனவங்க கண்ணு..."

"சத்தமாச் சொல்லு, காது கேக்கல" என்றது போன்.

"சிரிச்ச கண்ணு, சிரிக்காத கண்ணு, உறவுக் கண்ணு..." அபர்ணா மஹதியின் முகத்தைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. "ஓரகத்திக் கண்ணு... எல்லாம் தொலையட்டும்."

"அது என்னடி புதுசாச் சேக்குற?" என்று மாமியார் கேட்க, கதிரும் ரவிசங்கரும் சிரித்துவிட்டார்கள். மஹதி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அபர்ணா கரியில் கொட்டினாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியது, சுருண்டது, சாம்பல் நிறமானது.

நெடி வரவில்லை.

உங்களுக்குத் தெரியும்தானே? கண் இல்லாவிட்டால் மிளகாய் கமறும், இருமித் தீர வேண்டியிருக்கும். கண் இருந்தால்தான் நெடியே வராது. எத்தனை பெரிய கண்ணோ அத்தனை சுத்தமாக வராது. வெஸ்ட் ஆக்லாந்துக் காற்று வேலி தாண்டி அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு அது தோன்றும்? கதிர் சிரிப்பதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ரவிசங்கர் கரியை எட்டிப் பார்த்தான். அபர்ணா ஒரு பூதத்தைப் பார்க்கிறவள் போல அந்தக் கரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடா சத்தத்தையே காணோம்? நெடி வருதா இல்லையா?" போனில் மாமியாரின் குரல் ஏறியது. "வரலைன்னா சொல்லுங்க. யாரு கண்ணுன்னு நான் சொல்றேன்!"



அப்போது மஹதி இருமினாள்.

முதலில் சின்னதாக. அப்புறம் பலமாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. "ஐயோ அத்தை, கமறுது! மூச்சு முட்டுது!"

அது பொய் இருமல் என்று அந்த டெக்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பொய் இருமலைக் கண்டுபிடிக்க ஹெட்டி கிராம்ப்டன் வர வேண்டியதில்லை. மஹதி இருமிக்கொண்டே தலையை நிமிர்த்தி அபர்ணாவைப் பார்த்தாள். அபர்ணாவுக்கும் இருமல் வந்தது. அவளுடையது பொய் இல்லை. அழுகையை விழுங்கினால் அது இருமலாகத்தான் வெளியே வரும். மனைவியைப் பார்த்துவிட்டுக் கதிரும் இருமினார். எதற்கு என்று புரியாமலே ரவிசங்கரும் இருமி வைத்தான்.

"அப்படின்னா கண்ணு இல்ல. வெறும் சோம்பேறித்தனம்" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். "போய் எழுதச் சொல்லுடா அவளை."

தட்டைக் கழுவும்போது அபர்ணா கேட்டாள். "அதை அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம். இருக்கட்டும். அத்தனை பேர்ல புத்தகத்தை ஒழுங்காப் படிச்சது அந்த அம்மாதான்." மஹதி தட்டை வாங்கித் துடைத்தாள். முகத்தில் இன்னும் சிரிப்பு வரவில்லை. "அடுத்ததை எழுத எழுத உங்களுக்குத்தான் அனுப்புவேன். ஹெட்டி எதை வாங்குவா, எதை வாங்க மாட்டான்னு நீங்கதான் சொல்லணும். திட்டணும்னா இங்கேயே திட்டுங்க. மான்செஸ்டர் வரைக்கும் போக வேண்டாம்."

"ம்ம்" என்றாள் அபர்ணா.

"பாத்தீங்களா, இதுதான். இதைத்தான் எழுதுனேன்" என்றாள் மஹதி. அப்போதுதான் சிரித்தாள்.

இரண்டாவது புத்தகமும் வந்தது. அதன் ஒவ்வொரு அத்தியாயத்தையும் அபர்ணா கிடங்கு வாசலில் காருக்குள் உட்கார்ந்து, எலுமிச்சைச் சாதம் ஒரு கை, போன் ஒரு கையாகப் படித்துத் திட்டியிருந்தாள். 'ஹெட்டி இந்த முறை எலும்பும் சதையுமாக எழுந்து வந்துவிட்டாள்' என்று ஒரு லண்டன் பத்திரிகை எழுதியது. சப்பாத்தி மாவை நிறுத்திவிட்டு அபர்ணா அதைக் கதிருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"நான் சொல்லிக் குடுத்தது. ஒவ்வொரு எலும்பும்."

"ஆமாம்மா. கடைசிப் பக்கத்துல உனக்கு நன்றி போட்டிருக்காளே."

"போட்டிருக்கா. சின்ன எழுத்துல."

பொறாமை அப்படியெல்லாம் கரியில் போட்டவுடன் போய்விடாது கண்ணுங்களா. அதற்கும் ஒரு வேலை கொடுத்து வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அபர்ணா இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அந்தச் சூட்டில் இப்போது இரண்டு வீட்டு உலையும் கொதிக்கிறது.

சரி, நேரமாச்சு, எழுந்திருங்க. உங்க வீட்டு உப்பு ஜாடி குறையாம இருக்கட்டும். உங்க வாசல்ல வந்து நிக்கிறவங்க வயிறு குளிர்ந்து போகட்டும். உங்களைப் பாத்து எரியுற கண்ணும் உங்களுக்கே உதவுற கண்ணா மாறட்டும். என்னைக்காவது நெடி வராத நேரம் வந்தா, உங்களுக்காகப் பொய்யா இருமுறதுக்கு உங்க வீட்டுலயே ஒரு ஆள் இருக்கட்டும். நல்லா இருங்க.